திரையில் பேய், தெருவில் அச்சம்

(அண்மைக்கால மர்ம, திகில் திரைப்படங்கள் குறித்து மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அச்சத்தைப் படம்பிடிக்க விரும்புகிறவர்களுக்கு மட்டாஞ்சேரி பிடித்தமான ஊர். காரை பெயர்ந்த சுவர்கள், துருப்பிடித்த பூட்டுத் தொங்கும் பண்டகசாலைகள், மிளகும் சுக்கும் மணக்கும் இருண்ட முற்றங்கள், பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்ட யாருடையதென்று தெரியாத பெட்டிகள். விளக்கைச் சற்றுத் தணித்து வைத்தாலே திகில் படத்துக்கான பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் இந்தப் பண்டகசாலைகளுக்கும் படகுகளுக்கும் இடையே மூட்டை சுமந்த மனிதர்களுக்கு இருந்த அச்சம் வேறு. இன்று வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பதே அது. விடியற்காலையில் கூட்டமாக நின்ற தொழிலாளர்களை நோக்கி, கப்பல் சரக்குக் குத்தகைதாரர்களின் ஆள் உலோக வில்லைகளை வீசி எறிவான். அந்த வில்லைக்குப் பெயர் சாப்பா. பாய்ந்து, புரண்டு, ஒருவரையொருவர் மிதித்து எவர் அதைப் பற்றுகிறாரோ அவருக்கு அன்று வேலை. மற்றவர்களுக்கு அன்று பட்டினி. இந்த முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தின் மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்த அடக்குமுறையில் உயிர் நீத்த சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய மூவரின் பெயர்கள் இந்த ஊரின் தொழிலாளர் இயக்கத்தில் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

ஆகவே திகில் படங்களைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. திரையரங்கிலிருந்து வெளியே வரும் சாதாரண ரசிகர் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். பயம் வந்ததா? கடைசிவரை முடிச்சு அவிழாமல் நின்றதா? இரண்டும் நியாயமான கேள்விகள். காசு கொடுத்துப் பார்த்தவருக்கு அவற்றைக் கேட்க உரிமை உண்டு. இயக்கத்தில் இருக்கும் ரசிகர் மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். இந்தப் படம் யாரைப் பேயாக்குகிறது?

பெட்டிக்குள் அடைபட்ட அண்டை வீட்டார்

2017 பிப்ரவரியில் வெளிவந்த ‘எஸ்ரா’விலிருந்து தொடங்கலாம். ஜெய் கே. இயக்கத்தில் பிருத்விராஜும் பிரியா ஆனந்தும் நடித்த படம். மும்பையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயரும் தம்பதியர் பழம்பொருள் கடையில் ஒரு பெட்டியை வாங்குகின்றனர். அதற்குள் ஒரு யூத இளைஞனின் ஆவி அடைபட்டிருக்கிறது. படத்தின் ஒளிப்பதிவும் ஒலியும் தரமானவை. முதல் கேள்விக்கு விடை, ஆம், பயம் வருகிறது. இரண்டாவது கேள்விக்கும் பெருமளவு ஆம் என்றே சொல்லலாம். பிற்பகுதியில் வரும் திருப்பம் எளிதில் ஊகிக்கக்கூடியதல்ல.

மூன்றாவது கேள்வியில்தான் இடறல். இங்குள்ள பரதேசி யூதத் தேவாலயம் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இன்று அதற்குரிய மக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். நூற்றாண்டுகளாக மிளகு விற்று, துணி தைத்து, வழக்காடி, வாக்களித்து வாழ்ந்த ஒரு சமூகம் ஊரைவிட்டுப் போன பிறகு, அவர்களைக் குறித்துப் பெரும் வணிகப்படம் ஒன்று நினைவில் வைத்திருப்பது ஒரு மந்திரப் பெட்டியை மட்டுமே.

அந்தச் சமூகத்திலும் உண்மையான கதை இருந்தது. வெள்ளை யூதர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள், அடிமை வழிவந்தோர் என்று கருதப்பட்டவர்களை இதே தேவாலயத்தில் சமமாக நடத்தவில்லை. அதை எதிர்த்து சத்தியாக்கிரக வழியில் போராடியவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். யூத காந்தி என்று அழைக்கப்பட்டவர். அந்த வாழ்க்கையைப் படமாக்க மந்திரப் பெட்டி தேவையில்லை. தேவாலய வாசலில் யார் எங்கே உட்காரலாம் என்ற சண்டையே போதுமான திகிலைத் தரும்.

பேய் பேசும் மொழி

தமிழ்த் தோழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளத் திகில் படங்களின் தாய்வீடு. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த படம். அதில் வரும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனப் பெண். தரவாட்டின் காரணவரால் கொல்லப்பட்டவள். கங்காவின் உடலில் அவள் எழும்போது அவள் பேசுவது தமிழ்.

இதே கதை பிற மொழிகளுக்குப் போனபோது என்ன நடந்தது? 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’, 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’. இரண்டிலும் பேய் பேசியது தெலுங்கு. 2007இல் இந்தியில் ‘பூல் புலையா’. அதில் பேய் பேசியது வங்க மொழி. கதை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மொழியும் அண்டை மொழிக்காரியையே பேயாகத் தேர்ந்தெடுத்தது. எவரும் கூடிப் பேசி இப்படி முடிவு செய்யவில்லை. பார்வையாளருக்குச் சட்டென்று அந்நியமாகத் தோன்றும் குரல் எது என்று வணிகம் கணக்கிட்டது. அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் பலித்தது.

இது வெறும் கலைச் செய்தி அன்று. ஃபோர்ட் கொச்சியின் டோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்திலிருந்து இங்கே இருப்பதாகச் சொல்லப்படுகிறது. கட்டடப் பணிக்கும் சாலைப் பணிக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை ஒரு காலத்தில் ‘அண்ணாச்சி’ என்றும் ‘பாண்டி’ என்றும் இந்த மண் அழைத்தது. இன்று அதே வேலைகளைச் செய்ய வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் யார்மேல் கண் பாய்கிறது? 2025இல் குருகிராமில் வங்கமொழி பேசும் தொழிலாளர்களை, வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தின் பேரில் பிடித்து அடைத்துவைத்தனர். பேசும் மொழியே குற்றச்சாட்டானது. பேயின் மொழி அண்டை மாநிலத்தானின் மொழிதான் என்று திரை பழக்கிவிட்ட செவிகளுக்கு இந்தச் சந்தேகம் இயல்பாகப் படுவது எளிது.

இவ்வளவு சொன்ன பிறகும் ‘மணிச்சித்திரத்தாழ்’ நல்ல படம்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். கங்காவுக்கு வந்திருப்பது மனநோய் என்று அந்தப் படம் சொல்கிறது. நாகவல்லி கொலையானவள் என்பதையும் அது மறைக்கவில்லை. அச்சத்துக்குரியவர் கொன்ற காரணவர்தான் என்பதைக் கவனமாகப் பார்க்கும் ரசிகர் உணர்ந்துகொள்வார்.

பகடையும் சாப்பாவும்

2024 பிப்ரவரி 15 அன்று வெளிவந்த ‘பிரமயுகம்’ அண்மைக்காலத் திகில் படங்களில் முதலிடத்தில் வைக்கத்தக்கது. ராகுல் சதாசிவன் இயக்கம். உரையாடல் எழுத்தாளர் டி.டி. ராமகிருஷ்ணன். முழுவதும் கறுப்பு வெள்ளை. திரையில் முதன்மையாக வரும் பாத்திரங்களோ மூன்றே பேர். 17ஆம் நூற்றாண்டு மலபாரில், அடிமை வணிகத்திலிருந்து தப்பி ஓடும் தேவன் என்ற பாணன், இடிந்து கிடக்கும் ஒரு மனைக்குள் நுழைகிறான். அதன் உடைமையாளன் கொடுமண் போற்றியாக மம்முட்டி.

போற்றி அவனை விரட்டவில்லை. சாதியைச் சொல்லித் தள்ளி நிறுத்தவில்லை. உள்ளே அழைத்துப் பாடச் சொல்லி, சோறு போடுகிறான். பிறகு பகடை ஆட அழைக்கிறான். பாணனிடம் பணயம் வைக்கப் பொன் இல்லை, நிலமும் இல்லை. உன் காலத்தைப் பணயம் வை என்கிறான் போற்றி. தேவன் தோற்கிறான். அன்று முதல் அவனுடைய நாட்கள் போற்றிக்குச் சொந்தம். நாட்கள் போகப்போக அவனுக்குத் தன் பழைய வாழ்வின் நினைவுகளே மங்கத் தொடங்குகின்றன.

மூலதனத்தை மார்க்ஸ் விளக்கும்போது, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் செத்த உழைப்பு என்ற பொருளில் இரத்தக்காட்டேரி உருவகத்தைக் கையாண்டார் என்பது தோழர்களுக்குத் தெரியும். அந்த உருவகத்தைத் திரையில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய இந்தியப் படங்கள் மிகச் சில. உடைமை வர்க்கம் பறிப்பது வேலை நேரத்தை. நேரத்தைப் பறிகொடுத்தவன் நினைவையும் பறிகொடுக்கிறான்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் 2023 மார்ச்சில் வெளிவந்த ‘துறைமுகம்’. ராஜீவ் ரவி இயக்கியது. கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை அவருடைய மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதையாக்கினார். மட்டாஞ்சேரியின் சாப்பா முறையும் 1953 துப்பாக்கிச் சூடும்தான் கதை. எவரும் இதைத் திகில் படம் என்று வகைப்படுத்த மாட்டார்கள். ஆயினும் கூட்டத்துக்கு மேலே வில்லை பறக்கும் காட்சியில் எழும் நடுக்கம், எந்தப் பேய்ப் படத்தின் கதவுக் கிறீச்சிலும் கிடைக்காது. இரு படங்களிலும் நடித்தவர் அர்ஜுன் அசோகன். ஒன்றில் பகடை உருளும்போதும் மற்றதில் வில்லை வீசப்படும்போதும் பணயமாவது அவர் ஏற்ற பாத்திரங்களின் வாழ்நாளே. உருட்டுகிறவனுக்கோ வீசுகிறவனுக்கோ இழப்பதற்கு எதுவுமில்லை.

குறையும் சொல்லியாக வேண்டும். ‘துறைமுகம்’ பெரிதாக ஓடவில்லை. நீளமும் தளர்ந்த கதைப்போக்கும் ரசிகரைச் சோர்வடையச் செய்தன என்பது உண்மை. தொழிலாளர் வரலாற்றைச் சொல்லும் படம் என்பதால் மட்டும் அதற்குச் சலுகை மதிப்பெண் தரலாகாது. ‘பிரமயுகம்’ வர்க்கம் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் அரங்கை நிறைத்தது. அதிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதிகாரத்தின் மோதிரம் கைமாறினாலும் அதிகாரம் மாறாது என்பதே அதன் முடிவு. மாற்றமே சாத்தியமில்லை என்ற அவநம்பிக்கையில் பார்வையாளரை அது விட்டுவிடுகிறது. ‘துறைமுகம்’ அங்கே வேறுபடுகிறது. தனியாக வில்லைக்குப் பாய்ந்தவர்கள் சேர்ந்து நிற்கக் கற்கிறார்கள்.

நீலியின் தலையில் அறைந்த ஆணி

2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ வசூலில் பெரும் சாதனை படைத்தது. டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அந்தப் படம் கள்ளியங்காட்டு நீலியின் கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’ வழியாகக் கேரளத்தில் பரவிய யட்சிக் கதைகளில், வழிப்போக்கரை மயக்கிக் கொல்லும் பெண்ணை மந்திரவாதி அடக்குவார். தலையில் ஆணி அறைவதும் உண்டு. ‘லோகா’வில் நீலி ஒரு பழங்குடிச் சிறுமி. அவளுடைய மக்களை அழித்தவன் அரசன். அவளை அடக்க வேண்டிய கத்தனாரே அவளுக்குத் துணையாகிறார்.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. பழையனூர் நீலியை அறியாதவர் இல்லை. தென் தமிழ்நாட்டில் கொலையுண்டவர்களே தெய்வமாகி நிற்கும் மரபை மார்க்சிய ஆய்வாளர் நா. வானமாமலை கதைப்பாடல்களின் வழியே எடுத்துக்காட்டினார். முத்துப்பட்டன் கதையும் காத்தவராயன் கதையும் சாதி மீறிக் காதலித்துக் கொல்லப்பட்டவர்களின் கதைகள். கொன்றவர்களின் குற்ற உணர்வும் அச்சமும், கொல்லப்பட்டவர்களின் உறவினருடைய நினைவும் சேர்ந்தே அந்தப் பீடங்களை எழுப்பின. நீதிமன்றம் கிடைக்காத இடத்தில் மக்கள் பேயை உருவாக்கிக்கொண்டார்கள் என்று சொன்னாலும் தகும்.

ஆயினும் பெண் செத்த பிறகுதான் வலிமை பெற முடியும் என்பது வருந்தத்தக்க ஆறுதல். 1964இல் வைக்கம் முகம்மது பஷீர் எழுத ஏ. வின்சென்ட் இயக்கிய ‘பார்கவி நிலையம்’ முதல் இன்றுவரை, உயிரோடிருக்கும் பெண்ணின் வழக்கு விசாரிக்கப்படுவதில்லை. ஆவியாக வந்தால்தான் கேட்க ஆள் இருக்கிறது. திரைக்குப் பின்னாலும் இதே நிலைதான். மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலை குறித்து ஆராய்ந்த ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை அளித்தது. அது 2024 ஆகஸ்டில்தான், சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியிடப்பட்டது. நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெண்களின் குரல் பூட்டிய அறைக்குள் கிடந்தது. இடதுசாரி அரசின் காலத்தில் இந்தத் தாமதம் நேர்ந்தது என்பதை மறைக்காமல் பேசுவதே இயக்கத்துக்கு அழகு.

வாடகை வீடும் வேலையில்லாத மகனும்

திகிலுக்குப் பாழடைந்த அரண்மனை தேவையில்லை என்று காட்டியது ராகுல் சதாசிவனின் ‘பூதகாலம்’. 2022 ஜனவரியில் இணையத் திரையில் வந்தது. ஒரு வாடகை வீடு. மன அழுத்தத்தில் இருக்கும் தாய். மருந்தாளுநர் படிப்பு முடித்தும் வேலை கிடைக்காத மகன். ரேவதிக்கு மாநில அரசின் சிறந்த நடிகைக்கான விருதை இந்தப் படம் பெற்றுத்தந்தது. பேய் இருக்கிறதா, அல்லது சிதைந்த மனங்களின் தோற்றமா என்று நெடுநேரம் சொல்லாமலே படம் நகர்கிறது. வேலையில்லாத இளைஞன் சொல்வதை எவரும் நம்புவதில்லை என்பதே அதன் ஆழமான திகில். இறுதியில் பேயை வெளிப்படையாகக் காட்டிவிட்டது சிறு சறுக்கல். காட்டாமலிருந்தால் இன்னும் வலுத்திருக்கும்.

2023இல் வந்த ‘ரோமாஞ்சம்’ இதே உலகத்தைச் சிரிப்பாக மாற்றியது. பெங்களூரில் ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் இளைஞர்கள் பொழுதுபோகாமல் ஆவியை அழைக்கிறார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன கேரள இளைஞர்களின் கூட்டு வாழ்க்கையை இவ்வளவு உயிர்ப்போடு காட்டிய படம் அரிது. தமிழில் ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைகளின் பேய்ச் சிரிப்பு பெரும்பாலும் உடல் ஊனத்தையும் நிறத்தையும் கேலி செய்து பிழைக்கிறது. ‘ரோமாஞ்சம்’ அப்படிச் செய்யவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

துப்பறிபவன் யார் பக்கம்?

மர்மப் படங்களில் பேயின் இடத்தைக் காவல்துறை எடுத்துக்கொள்கிறது. 2020இல் கொச்சியைக் களமாகக் கொண்டு வந்த ‘அஞ்சாம் பாதிரா’, காவலர்களைக் கொல்லும் தொடர்கொலைகாரனைத் தேடுகிறது. முடிச்சு இறுகிய படம். காவல்துறை இழைத்த அநீதியே கொலைகளின் வேர் என்பது கடைசியில் தெரிகிறது. ஆனால் அது தெரியும்போது நேரமாகிவிடுகிறது, ரசிகர் இருக்கையைவிட்டு எழுந்துகொண்டிருக்கிறார். 2021இல் வந்த ‘நாயாட்டு’ துணிச்சலானது. மூன்று கீழ்நிலைக் காவலர்களை அவர்களுடைய அமைப்பே வேட்டையாடுகிறது. கதை எழுதிய ஷாஹி கபீர் காவல்துறையில் பணியாற்றியவர் என்பதால் விவரங்கள் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் தலித் அமைப்பின் அழுத்தமே எல்லாத் துன்பங்களுக்கும் தூண்டுகோல் போல அதில் சித்திரிக்கப்பட்டது. அதற்கு எழுந்த கண்டனம் சரியானதே.

இந்த வகையில் தமிழ் தந்த கொடை ‘விசாரணை’. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலை வெற்றிமாறன் படமாக்கினார். ஆந்திரத்துக்குப் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகிறார்கள். அங்கே அவர்களே அண்டை மொழிக்காரர்கள். நாகவல்லியின் மொழி அங்கே காவல் நிலையத்தில் அலறுகிறது.

உண்மையான நரபலி

பகுத்தறிவு பேசும் இயக்கம் பேய்ப் படங்களைப் புறக்கணிக்க வேண்டாமா என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. கம்யூனிஸ்ட் அறிக்கையே ஒரு பேய் உருவகத்தோடு தொடங்குகிறது. ஆகவே உருவகத்தின் மேல் பகை தேவையில்லை. உருவகம் நம்பிக்கையாகி, நம்பிக்கை வணிகமாகும்போது நேர்வதைத்தான் அஞ்ச வேண்டும்.

2022 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்த எலந்தூர் வழக்கை எண்ணிப் பாருங்கள். பத்தனம்திட்டா மாவட்டத்தின் அந்த ஊரில் செல்வம் பெருக வேண்டி இரண்டு பெண்கள் நரபலி கொடுக்கப்பட்டனர் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தருமபுரியிலிருந்து கொச்சிக்கு வந்து வாழ்ந்த தமிழ்ப் பெண். பணம் தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்கிறது குற்றச்சாட்டு. குற்றத்தை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் பிறருக்குப் பரிசு விழும் என்று சொல்லித் தெருத்தெருவாகச் சீட்டு விற்றவர்களைப் பலிப்பொருளாகத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வர்க்கக் கணக்கு இருக்கிறது. காணாமல் போனால் தேட ஆளில்லை என்று கருதப்படுகிறவர்களே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எழுத்தறிவில் முன்னணியில் இருக்கும் மாநிலத்தில், செங்கொடி பறக்கும் கிராமங்களின் நடுவே இது நிகழ்ந்தது.

நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே மகாராஷ்டிரம் நரபலிக்கும் மாந்திரீக மோசடிக்கும் எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் கர்நாடகமும் சட்டம் இயற்றியது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுப்பப்பட வேண்டும். சட்டம் மட்டும் போதாது. கடன்பட்டவரும் நோயுற்றவரும் மந்திரவாதியின் வாசலுக்குப் போகுமுன், போவதற்கு இன்னொரு வாசல் இருக்க வேண்டும். மனநல மருத்துவரும் கூட்டுறவு வங்கியும் தொழிற்சங்க அலுவலகமும் அந்த வாசல்கள்.

தோழர்களே, திரைப்படத்தைத் தடைசெய்யக் கோருவது இடதுசாரிகளின் வேலையன்று. படத்தைச் சேர்ந்து பார்ப்பதும், முடிந்ததும் அரைமணி நேரம் பேசுவதும் கிளைகளால் செய்யக்கூடிய வேலை. ‘பிரமயுகம்’ ஒருநாள், ‘துறைமுகம்’ மறுநாள் என்று திரையிட்டுப் பாருங்கள். பண்டகசாலை வேலைக்கு வந்திருக்கும் வங்கத் தொழிலாளரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பயந்தீர்களா, முடிச்சு நின்றதா என்று கேட்ட பிறகு, பேய் யார் என்ற மூன்றாவது கேள்வியை அவரிடமே கேளுங்கள். விடியற்காலையில் வேலைக்காக நின்ற அனுபவம் அவருக்கும் உண்டு. சாப்பாவை அவருக்கு விளக்கிச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது.